சுரங்க ஆய்வு மழை நாளில் நடக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைகளைத் தொழிற்சாலைகளும் சுரங்கங்களும் கடைப்பிடிக்கின்றனவா என்று சரிபார்க்கும் பணியில், அரசு அலுவலர்களோடு பதிவு பெற்ற தனியார் தணிக்கையாளர்களையும் ஈடுபடுத்த வழிசெய்யும் சுற்றுச்சூழல் தணிக்கை விதிகளை ஒன்றிய அரசு 2025 ஆகஸ்டில் வெளியிட்டது. தணிக்கையாளராக யார் வரலாம், அவருக்கு என்ன தகுதி வேண்டும் என்பவை முக்கியமான கேள்விகளே. ஆனால் நிலக்கரிச் சுரங்கங்களைப் பொறுத்தவரை, ஆய்வுக்குச் செல்பவர் எந்த நாளில் செல்கிறார், எந்த இடத்தில் நின்று பார்க்கிறார் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. வெளிமாநில நிலக்கரி வயல்களில் சுற்றுச்சூழல் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்று, காரைக்குடிக்கு அருகிலுள்ள சொந்த ஊருக்குத் திரும்பியிருப்பவன் என்ற முறையில், இதுபற்றித் தங்கள் நாளிதழின் வாசகர்களுக்குச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

செட்டிநாட்டு மண்ணுக்கு அடியில் நிலக்கரி இல்லை. இருந்தாலும் இது நமக்குத் தொடர்பில்லாத செய்தி அன்று. 1,050 மெகாவாட் திறனுடன் கட்டப்பட்ட தூத்துக்குடி அனல்மின் நிலையம் போன்றவற்றுக்கு வேண்டிய கரியில் பெரும்பகுதி, ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து கப்பலில் தமிழகம் வந்து சேருகிறது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியோ நம் மாநிலத்திலேயே, கடலூர் மாவட்டத்து வயல்களுக்கு நடுவே தோண்டப்படுகிறது. நம் வீட்டு மின்விசிறி சுழல்வதற்காக ஓர் ஓடையின் நீர் கறுத்துப் போகிறது என்றால், அந்த ஓடைக்கரையில் வாழ்பவர்களின் துயரில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

சுரங்கம் என்றதும் பலருக்கும் பள்ளமே நினைவுக்கு வருகிறது. கேடு பெரும்பாலும் பள்ளத்துக்கு மேலே, தரையில் உள்ள அமைப்புகளிலிருந்துதான் ஊருக்குள் வருகிறது. வெட்டிய கரியைப் பொடியாக்கும் கிரஷர், அதை ஏற்றிச் செல்லும் கன்வேயர், ஒரு கன்வேயரிலிருந்து இன்னொன்றுக்குக் கரி விழும் இடம், குவித்து வைக்கும் யார்டு, சரக்கு ரயிலில் ஏற்றும் சைடிங், கனரக வண்டிகளைக் கழுவிப் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப், டீசல் நிலையம், கரிக்கு மேலிருந்த மண்ணையும் பாறையையும் கொட்டி எழுப்பிய மலை போன்ற குவியல், அந்தக் குவியலைச் சுற்றி வெட்டிய வாய்க்கால், அந்த வாய்க்கால் நீர் வந்து தேங்கும் வண்டல் குட்டை, தொழிலாளர் குடியிருப்பின் கழிவுநீர் நிலையம் ஆகிய அனைத்தும் தரைமேல் அமைப்புகளே. சுற்றுச்சூழல் ஆய்வு என்பது பெரும்பாலும் இவற்றை நடந்து பார்ப்பதுதான்.

இவற்றுள் வண்டல் குட்டையைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். குவியலிலிருந்தும் யார்டிலிருந்தும் மழைநீர் அடித்து வரும் கரித்துகளும் களிமண்ணும் அடியில் படிவதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுப்பதே குட்டையின் வேலை. குட்டை ஆழமாக இருந்தால் நீர் நிதானமாக நகரும், மண் படியும், மேலே தெளிந்த நீர் மட்டும் வெளியேறும். வண்டல் அள்ளாத குட்டைக்கு வரும் நீரோ ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் அப்படியே ஓடிவிடும். நம் பகுதியில் ஊருணிக்கும் கண்மாய்க்கும் ஆண்டுதோறும் கோடையில் தூர் எடுத்து, வரத்துக்காலைச் சீர்படுத்தி, கலுங்கைச் சரிபார்த்து வைத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மழைக்கு முன் தூர் எடுக்காத ஊருணியின் நிலை எதுவோ, அதுவே அந்தக் குட்டையின் நிலையும்.

நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வெளியேறும் நீருக்கு ஒன்றிய அரசு 2000 செப்டம்பரில் வரம்புகளை அறிவித்தது. அதன்படி, நீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமையும், எண்ணெயும் கிரீஸும் 10 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. கார அமில அளவு (pH) 5.5 முதல் 9 வரை இருக்க வேண்டும். இந்த வரம்புகளைக் கோடையில் ஒரு சுரங்கம் கடைப்பிடிப்பது பெரிய சாதனை இல்லை. பிப்ரவரி மாதத்தில் குட்டை நீர் அசைவற்றுக் கிடக்கும். வாரக்கணக்கில் தேங்கிய நீரில் எல்லாம் அடியில் படிந்திருக்கும். பல குட்டைகளில் வெளியேறும் வாயிலில் நீரே இருக்காது. அந்த நாளில் ஒரு குடுவை நீரை எடுத்துச் சோதித்து, வரம்புக்குள் இருக்கிறது என்று எழுதுவது பொய்யன்று. ஆனால் அந்த உண்மையால் ஓடைக்கரை மக்களுக்கு ஒரு பயனும் இல்லை. அவர்கள் வயலில் கரிச்சேறு ஏறுவது ஜூலையிலும் ஆகஸ்டிலும், தென்மேற்குப் பருவமழை அந்தப் பகுதிகளில் கொட்டித் தீர்க்கும் நாள்களில்தான்.

முன்கூட்டியே தேதி சொல்லி வரும் ஆய்வுகளைப் பலமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். தகவல் வந்த மறுநாளே தண்ணீர் லாரிகளின் நடை கூடிவிடும். அடைத்துக் கிடந்த தெளிப்பான் நாசில்களைக் கழற்றிச் சுத்தம் செய்வார்கள். வாய்க்கால் ஓரங்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், ஒர்க்‌ஷாப் தரையில் மரத்தூள் போட்டுப் பெருக்குவார்கள், நுழைவாயிலில் புதிய கன்றுகள் நடுவார்கள். ஆய்வுக் குழு வரும் வழி எதுவோ அந்த வழி மட்டும் ஈரமாக இருக்கும். ஆனால் சாலை ஓரத்துச் சால மரங்களின் இலைகளை ஒரே இரவில் கழுவிவிட முடியாது. ஓர் இலையைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாலே போன மாதம் முழுவதும் தண்ணீர் தெளித்தார்களா என்பது தெரிந்துவிடும். குட்டையின் கல் சுவரில் காய்ந்து ஒட்டியிருக்கும் சேற்றுக் கோடும் அப்படித்தான். சென்ற மழையில் நீர் எந்த உயரம் வரை ஏறியது, கரையைத் தாண்டிற்றா என்பதை அது சொல்லும். தேர்ந்த ஆய்வாளர் கோப்பைப் புரட்டுமுன் இவற்றைப் பார்ப்பார்.

நேர்மாறான ஓர் ஆய்வையும் பார்த்திருக்கிறேன். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒன்றின் இளம் பெண் பொறியாளர் ஒருவர், ஓர் ஆகஸ்ட் மாதம் விடாமல் பெய்துகொண்டிருந்த மழையில், யாருக்கும் சொல்லாமல் வந்தார். சுரங்க அலுவலகத்துக்கு வந்து தேநீர் குடித்துவிட்டுப் புறப்படும் வழக்கத்தை விட்டு, கீழே உள்ள கிராமத்திலிருந்து ஓடையை ஒட்டியே மேல்நோக்கி நடந்து வந்திருக்கிறார். குட்டையின் வெளியேறும் வாயிலில் நீர் ஓரளவு தெளிவாகவே இருந்தது. அதற்குச் சற்றுத் தூரம் கீழேயே, ரயில் சைடிங்கின் பின்புறத்திலிருந்து ஒரு சிறு வாய்க்கால் மை போன்ற கறுப்பு நீரைக் கொண்டுவந்து ஓடையில் கலந்துகொண்டிருந்தது. யார்டின் ஒரு மூலையில் விழுந்த மழை, குட்டைக்குப் போகாமல் தானே வழி கண்டுகொண்டிருந்தது. சுரங்கத்தின் வரைபடத்தில் அந்த வாய்க்காலே இல்லை. கோடையில் பார்த்தால் அது புல் மூடிய ஒரு பள்ளம், அவ்வளவுதான். அவர் அந்த இடத்திலேயே கார அமில அளவைப் பார்த்துக் குறித்துக்கொண்டார், கண்ணாடிக் குடுவையில் எண்ணெய்ச் சோதனைக்கும் பிளாஸ்டிக் குடுவையில் திடப்பொருள் சோதனைக்கும் தனித்தனியாக நீர் எடுத்தார், முத்திரை வைத்தார், சுரங்க அலுவலரை வரவழைத்துக் கையொப்பம் வாங்கினார், ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றார். அந்த மழைக்காலம் முடியுமுன்பே அந்த மூலைக்குத் தடுப்புச் சுவரும் குட்டைக்குச் செல்லும் வடிகாலும் கட்டப்பட்டன. ஆண்டுக்கணக்கில் கோடை ஆய்வுகள் செய்யாததை ஒரு மழைநாள் ஆய்வு செய்தது.

திடீர் ஆய்வுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று சிலர் சொல்வதுண்டு. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, அதிகாரம் பெற்ற அலுவலர் நியாயமான எந்த நேரத்திலும் உள்ளே சென்று பார்வையிட வழிசெய்கிறது. 11-ஆவது பிரிவு, மாதிரி எடுக்கும்போது பொறுப்பாளரிடம் அப்பொழுதே அங்கேயே அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்றும், அவர் முன்னிலையில் மாதிரியை முத்திரையிட்டு இருவரும் கையொப்பமிட வேண்டும் என்றும் கூறுகிறது. அந்த அறிவிப்பு குடுவையைக் கையில் எடுத்த இடத்தில் தரப்படுவது. ஒரு வாரத்துக்கு முன் தொலைபேசியில் தேதி சொல்லும் பழக்கம் வசதிக்காக வந்தது. அந்தப் பிரிவுகள் அதைக் கேட்கவில்லை.

ஆய்வு நாளைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் பெரும் விலை கொடுத்தே கற்றது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள அபர்வான் என்ற ஊரில், 1966 அக்டோபர் 21 அன்று, மழையில் ஊறிய சுரங்கக் கழிவுக் குவியல் மலையிலிருந்து சரிந்து பள்ளிக்கூடத்தையும் வீடுகளையும் மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். அந்தக் குவியல் நீரூற்றின் மேலேயே கொட்டப்பட்டிருந்தது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பஃபலோ கிரீக் என்ற ஓடையின் தலைமாட்டில் நிலக்கரி கழுவிய கழிவைத் தேக்கி வைத்திருந்த அணை, தொடர் மழைக்குப் பின் 1972 பிப்ரவரி 26 அன்று உடைந்து 125 பேரைக் கொன்றது. ஏறத்தாழ 4,000 பேர் வீடிழந்தனர். அந்த அணை உடைவதற்கு நான்கே நாள்களுக்கு முன்தான் அதைப் பார்வையிட்ட மத்திய அரசின் சுரங்க ஆய்வாளர் நிலைமை திருப்திகரம் என்று குறிப்பிட்டிருந்தார். இதை எப்போது நினைத்தாலும் என் மனம் கனக்கிறது. திருப்திகரம் என்று எழுதும் பேனா எவ்வளவு பொறுப்புடையது என்பதற்கு இதைவிட ஒரு சான்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பின் 1977-இல் அமெரிக்கா இயற்றிய திறந்தவெளிச் சுரங்கச் சட்டம், சராசரியாக மாதம் ஒருமுறை பகுதி ஆய்வும் காலாண்டுக்கு ஒருமுறை முழு ஆய்வும் நடத்த வேண்டும், அவை ஒழுங்கான கால இடைவெளியில் வரக் கூடாது, சுரங்க உரிமையாளருக்கு முன்னறிவிப்புத் தரக் கூடாது என்று விதித்தது. எவருடைய புகாரின்பேரில் ஆய்வு நடக்கிறதோ, அவரும் ஆய்வாளருடன் உள்ளே செல்ல அந்தச் சட்டம் உரிமை தருகிறது. நம் நாட்டில் ஓடைக்கரை விவசாயி ஒருவர் ஆய்வாளருடன் குட்டை வரை நடந்து செல்வதை எண்ணிப் பார்க்கவே நமக்குக் கடினமாக இருக்கிறது. அது நடக்க முடியாத காரியம் என்று நான் நினைக்கவில்லை. எந்த மழைக்கு எந்த வாய்க்காலில் என்ன நிறத்தில் நீர் வந்தது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் வேறு யார்?

சுரங்க மேலாளர்கள் இதற்கு ஒரு மறுப்பு சொல்வார்கள், அதில் நியாயம் இருப்பதால் அதையும் எடுத்துச் சொல்கிறேன். பெருமழையின்போது எந்தக் குட்டையும் நிரம்பி வழியும், அந்த நேரத்தில் மாதிரி எடுத்து எங்களைக் குற்றவாளியாக்குவது முறையா என்பார்கள். திறந்தவெளிச் சுரங்கங்களுக்கு வழங்கப்படும் சுற்றுச்சூழல் அனுமதிகளில் வழக்கமாக இடம்பெறும் ஒரு நிபந்தனையே இதற்கு விடை தருகிறது. வாய்க்கால்களும் குட்டைகளும் 50 ஆண்டு மழைத் தரவின் அடிப்படையில், திடீரெனப் பெய்யும் உச்ச மழையைவிட 50 விழுக்காடு கூடுதல் கொள்ளளவோடு அமைக்கப்பட வேண்டும் என்பது அந்த நிபந்தனை. ஆகவே ஆய்வாளர் அன்றைய மழையளவையும் மாதிரியின் முடிவுக்குப் பக்கத்திலேயே எழுதட்டும். 50 ஆண்டுகளில் காணாத மழையென்றால் சுரங்கத்தின் மீது குறை சொல்ல முடியாது. ஆண்டுதோறும் பெய்யும் மழைக்கே குட்டை வழிந்தால், அந்தக் குட்டை கட்டப்பட்டபோதே சிறியதாகக் கட்டப்பட்டது, அல்லது தூர் எடுக்கப்படவில்லை. இரண்டில் எது என்பதை அளந்து பார்த்து எழுதுவதுதான் ஆய்வு.

தூசிக்கு இதற்கு நேர் எதிரான பருவம் வேண்டும். மழையில் தூசி அடங்கிவிடும் என்பதால், காற்றை அளக்க ஏற்ற காலம் ஏப்ரலும் மே மாதமும். அதுவும் கிரஷருக்கும் கன்வேயரில் கரி விழும் இடத்துக்கும் சைடிங்குக்கும் காற்று வீசும் திசையில், சுரங்கம் முழு வேகத்தில் இயங்கும்போது அளக்க வேண்டும். அலுவலக மாடியில் கருவியை வைத்து அளப்பதில் பொருளில்லை. ஒர்க்‌ஷாப்பைப் பற்றி மிகுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை: பயன்படுத்திய எண்ணெய் அபாயகரமான கழிவு, அதைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, பேரல்களையும் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இனி அறிக்கைகளுக்கு வருகிறேன். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அனுமதி பெற்ற ஒவ்வொரு திட்டமும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில், நிபந்தனைகளைக் கடைப்பிடித்த விவரத்தைச் சொல்லும் அரையாண்டு இணக்க அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கைகள் பொது ஆவணங்கள். கேட்கும் எவருக்கும் நகல் தரப்பட வேண்டும் என்று அந்த அறிவிக்கையே கூறுகிறது. ஆனால் மழைக்காலத்தில் ஓடிய நீரைப் பற்றிய விவரம் டிசம்பரில்தான் வந்து சேருகிறது. அப்போது ஓடை தெளிந்திருக்கும், வயலில் படிந்த கரிச்சேற்றை உழவர் உழுது மண்ணோடு கலந்திருப்பார், பார்க்கவும் ஒப்பிடவும் எதுவும் மிச்சம் இருக்காது. அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், அது யாருக்காக எழுதப்பட வேண்டுமோ அவர் கைக்குச் சென்றாலும் பயன் குறைவு. மழைக்கால அளவீடுகளையாவது அந்தந்த மாதமே, அந்தந்த மாநில மொழியில், ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுவதற்கு ஒரு விதி வேண்டும்.

இதை நான் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் முன்பு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க இடமிருந்தது. 2023-ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் திருத்தச் சட்டம் அதை நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றிவிட்டது. ஒரு சரக்கு ரயில் ஒரே நடையில் ஏற்றிச் செல்லும் கரியின் விலையை விட இந்த உச்ச அபராதம் குறைவு. இவ்வளவு சிறிய தொகைக்கு எந்தப் பெரிய நிறுவனமும் அஞ்சாது என்பதே என் அச்சம். அவர்கள் அஞ்சுவது ஊர் அறியும் என்பதற்கு. ஆகவே தண்டனை குறைந்த அளவுக்கு வெளிப்படைத்தன்மை கூடியே தீர வேண்டும்.

புதிய விதிகளின்படி எந்தத் தணிக்கையாளருக்கு எந்தத் திட்டம் என்பது தற்செயல் தேர்வு முறையில் ஒதுக்கப்படும் என்பதை மனமார வரவேற்கிறேன். தணிக்கைக்கு உட்படுபவரே தணிக்கையாளரைத் தேர்ந்தெடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். இதே தற்செயல் முறையைத் தேதிக்கும் நீட்டிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு தணிக்கையாவது, அந்தப் பகுதியில் குறிப்பிட்ட அளவு மழை பதிவான பிறகு 24 மணி நேரத்துக்குள், சொல்லாமல் நடக்க வேண்டும். வானிலை ஆய்வு மையத்தின் மழைப் பதிவு கையில் இருக்கும் காலத்தில் இது இயலாத ஏற்பாடு அன்று. இந்தப் பணிக்கு நம் பகுதி இளைஞர்களும் முன்வர வேண்டும். 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகமும், அழகப்பச் செட்டியார் பெயர் தாங்கிய பொறியியல் கல்லூரியும் பல்கலைக்கழகமும் உள்ள காரைக்குடியில், வேதியியலும் பொறியியலும் கற்று வெளிவரும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. நீர் மாதிரியை எந்தக் குடுவையில் எடுப்பது, வடிகட்டிய தாளை 103 முதல் 105 டிகிரி வெப்பத்தில் உலர்த்தி எப்படி எடை போடுவது என்பதெல்லாம் வகுப்பறையில் கற்கக்கூடியவை. மழையில் நனைந்துகொண்டே ஓடையை ஒட்டி மேல்நோக்கி நடக்கும் மனத்தை அவர்கள்தாம் கொண்டுவர வேண்டும்.

நிறைவாக, தங்கள் நாளிதழிடம் ஒரு கோரிக்கை. தமிழகத்திலுள்ள பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களின் அரையாண்டு இணக்க அறிக்கைகளை ஆண்டுக்கு இருமுறை கேட்டுப் பெற்று, வெளியேறும் நீரின் அளவீடுகளையும் காற்றின் அளவீடுகளையும், மாதிரி எடுத்த தேதியோடும் அன்றைய மழையளவோடும் சேர்த்துத் தமிழில் வெளியிடுங்கள். தேதியும் மழையளவும் இல்லாத அறிக்கை என்றால், அவை இல்லை என்பதையும் அச்சிடுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள வாசகன்,
ஓய்வுபெற்ற சுரங்கச் சுற்றுச்சூழல் பொறியாளர்,
கண்டனூர், சிவகங்கை மாவட்டம்.